வித்யா பாக்சியின் வயிறு: தமிழ்த் தயாரிப்பாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். நாயகியை நடுவில் வைத்து த்ரில்லர் எடுப்பது பற்றிப் பேச்சு வந்தால், 'கஹானி மாதிரி ஒன்று' என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. சுஜாய் கோஷ் இயக்கத்தில் வித்யா பாலன் நடித்து 2012 மார்ச்சில் வெளிவந்த இந்திப் படம் அது. சுமார் 8 கோடி ரூபாயில் எடுத்து, உலகெங்கும் 100 கோடியைத் தாண்டியதாகக் கணக்குச் சொல்வார்கள். வசூல் உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்தத் திரைக்கதை எப்படி வேலை செய்கிறது என்பதைப் பேசவே இந்த மடல். முடிவு உட்பட எல்லாவற்றையும் தொடப்போகிறோம். படம் பார்க்காதவர்கள் முதலில் பார்த்துவிடுங்கள்.

வித்யா வெங்கடேசன் பாக்சி, கர்ப்பிணி. லண்டனிலிருந்து கொல்கத்தாவில் இறங்கியதும் நேராகக் காளிகாட் காவல் நிலையத்துக்குப் போய், காணாமல் போன கணவனைத் தேடித் தரச் சொல்கிறாள். கடைசியில்தான் தெரிகிறது, வயிறு பொய், அவள் சொன்ன கணவனும் பொய். அவளுடைய உண்மையான கணவன் மெட்ரோ ரயிலில் நடந்த விஷவாயுத் தாக்குதலில் இறந்தவன். அந்த அதிர்ச்சியில் வயிற்றுப் பிள்ளையும் கலைந்துபோனது. தாக்குதலை நடத்திய மிலன் தாம்ஜியைக் கொல்லத்தான் அவள் வந்திருக்கிறாள்.

அந்த வயிறு செய்யும் வேலைகளை எண்ணிப் பாருங்கள். காவல் நிலையத்தில் அவளை யாரும் விரட்டுவதில்லை, நாற்காலி போடுகிறார்கள். ராணா என்ற இளம் போலீஸ்காரன் கடமையைத் தாண்டி உதவுகிறான். உளவுத்துறை அதிகாரியான கான், தானே அவளைத் தூண்டிலாகப் பயன்படுத்துவதாக நினைத்துக்கொள்கிறான். இவளால் என்ன செய்துவிட முடியும் என்ற எண்ணம்தான் அவனுடைய ஓட்டை. பார்வையாளருக்கோ, அவள் படியேறினாலும் பூட்டை உடைத்தாலும் இரண்டு உயிருக்கான பயம். கடைசியில் தாம்ஜி துப்பாக்கியை நீட்டும்போது, அந்தப் பொய் வயிற்றையே கழற்றி அவன் கையைத் தட்டிவிடுகிறாள். அவன் நிதானிப்பதற்குள் கொண்டை ஊசி கழுத்தில் இறங்குகிறது, பிறகு அவன் துப்பாக்கியாலேயே சுடுகிறாள். அவள் பலத்தால் ஜெயிக்கவில்லை. எதிராளி எதிர்பார்க்க முடியாத ஒன்று அவளிடம் இருந்தது, அதைப் படம் தொடக்கத்திலிருந்து நம் கண்முன்னே வைத்திருந்தது. இத்தனைக்கும் மேலே, அவள் உண்மையிலேயே ஒரு பிள்ளையை இழந்தவள். வேடம் பொய்யானாலும் துக்கம் பொய்யில்லை. அதனால்தான் முடிவு தெரிந்தபின் நமக்கு ஏமாந்த கசப்பு வருவதில்லை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2014இல் சேகர் கம்முலா இயக்கத்தில் நயன்தாரா நடித்து, தெலுங்கில் 'அனாமிகா'வாகவும் தமிழில் 'நீ எங்கே என் அன்பே'யாகவும் இந்தக் கதை வந்தது. களம் ஹைதராபாத், நாயகி கர்ப்பிணி இல்லை. நயன்தாராவின் உழைப்பில் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் வயிற்றை எடுத்ததும் மேலே சொன்ன அத்தனை வேலைகளுக்கும் வேறு ஆள் தேட வேண்டியிருக்கிறது. போலீஸ் ஏன் இரங்க வேண்டும், உளவுத்துறை ஏன் அசட்டையாக இருக்க வேண்டும், கடைசி அடிக்கு ஆயுதம் எங்கே? ஒரு கல்லை உருவினால் நாலு இடத்தில் முட்டுக்கொடுக்க வேண்டும்.

ரீமேக் உரிமை வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். நீங்கள் நீக்க நினைக்கும் அம்சத்தைத் திரைக்கதையின் ஒவ்வொரு காட்சியிலும் பென்சிலால் அடித்துவிட்டு வாசியுங்கள். எத்தனை காட்சி அசையாமல் நிற்கிறது என்று பார்த்தால் போதும்.

புதிதாக எழுதுகிறீர்கள் என்றால், ஒவ்வொரு காட்சிக்கும் இரண்டு பத்தி போடுங்கள்: மற்றவர்கள் நம்புவது ஒன்று, அவளுக்குத் தெரிந்தது இன்னொன்று. 'கஹானி'யில் அவள் காட்டும் புகைப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் வேலைக்கு வந்ததாக அவள் சொல்லும் என்.டி.சி. என்ற அலுவலகத்தின் மனிதவள அதிகாரி ஆக்னஸ், உங்கள் கணவர் மிலன் தாம்ஜி என்று ஒருவரைப் போல இருக்கிறார் என்கிறாள். முதல் தடவை பார்க்கும்போது அது எதேச்சையாகக் கிடைத்த துப்பு. இரண்டாம் தடவை பார்த்தால், யாராவது அந்தப் பெயரைச் சொல்லட்டும் என்றே அவள் அந்த முகத்தைக் கொண்டுவந்திருக்கிறாள் என்று புரியும். இரண்டு பத்தியும் ஒரே வசனத்தில் பொருந்துகின்றன. திரைக்கதைக்கு சுஜாய் கோஷும் படத்தொகுப்புக்கு நம்ரதா ராவும் தேசிய விருது பெற்றது சும்மா இல்லை. ஒரு குறையும் உண்டு: யாரும் பார்க்காத நேரத்திலும் அவள் வேடத்தைக் கலைப்பதில்லை. அது பார்வையாளருக்காக மட்டுமே செய்த ஏற்பாடு. நீங்கள் எழுதும்போது அங்கே யாராவது பார்க்கக்கூடிய ஒரு ஜன்னலையாவது திறந்து வையுங்கள்.

பாப் பிஸ்வாஸை மறக்க முடியாது. 'கஹானி'யில் சாஸ்வத சாட்டர்ஜி நடித்த அந்தக் கூலிக் கொலையாளி தொந்தி வைத்த எல்.ஐ.சி. முகவர். வேலை சரியில்லை என்று மேலதிகாரியிடம் திட்டு வாங்குகிறவர். சிரித்த முகத்தோடு 'நொமோஷ்கார், ஏக் மினிட்' என்று சொல்லிவிட்டுச் சுடுகிறார். யாரும் திரும்பிப் பார்க்காத உடம்பு அவருடைய மறைவிடம், எல்லோரும் இரங்கும் உடம்பு அவளுடையது. வில்லனுக்கு ஆறு பேக்கும் அடியாட்களும் கொடுத்துவிட்டால் இந்தச் சமநிலை போய்விடும். பிறகு அவளைக் காப்பாற்ற ஒரு கதாநாயகனைக் கௌரவ வேடத்தில் இறக்க வேண்டிவரும்.

களமும் அப்படித்தான். துர்க்கா பூஜையின் கடைசி நாள், தெருவெங்கும் சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவையில் பெண்கள். அதே புடவையில் அவள் கலந்துவிட்டால் போலீஸ் யாரைப் பிடிப்பது? திருவிழா இங்கே தப்பிக்கும் வழி. நீங்கள் மயிலாப்பூர் அறுபத்துமூவரையோ மதுரைச் சித்திரையையோ எடுக்க நினைத்தால் முதலில் கேட்க வேண்டியது, அந்தக் கூட்டம் அவளுக்கு என்ன செய்து கொடுக்கிறது என்பதைத்தான். ஒன்றும் இல்லையென்றால் ட்ரோன் ஷாட்டோடு நின்றுவிடும். இருக்கிறதென்றால் உற்சவ நாளில் சின்ன யூனிட்டோடு, கையில் பிடிக்கும் கேமராவோடு அகலமான காட்சிகளை மட்டும் எடுங்கள். ரீடேக்குக்கு அடுத்த வருஷம்தான். குளோசப்பும் வசனமும் பிறகு துணை நடிகர்களை வைத்து எடுத்துக்கொள்ளலாம், அதே புடவை, அதே நேரத்து வெளிச்சம் இருந்தால்.

இந்த வேலைகள் எல்லாம் படப்பிடிப்புக்கு முன்பே, எழுத்து மேசையில் நடப்பவை. ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: நாயகியின் கால்ஷீட்டுக்கு முன்பணம் கொடுக்குமுன், எழுதுகிறவருக்கு ஆறு மாதச் சம்பளத்தைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
திரைக்கதை பயிலும், பயிற்றுவிக்கும் சிலர்