கடைசி பெஞ்சில் வந்து அமர்ந்த மேடத்துக்கு

புதிய ஆசிரியர்களுக்கென்று பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த 'குரு தக்ஷதா' என்ற ஒரு மாதப் பயிற்சி இருக்கிறது. அதற்கு முன்பே எனக்கு வகுப்பு கிடைத்துவிட்டது: 64 மாணவர்கள். இரண்டாம் நாளே என் குரல் எடுபடவில்லை. வழிகாட்டி என்று எவரையும் கல்லூரி நியமிக்கவுமில்லை.

நீங்கள் வேறு துறை, மேடம். அழுத முகத்தை நான் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்தீர்கள், ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் என் வகுப்பில் கடைசி பெஞ்சில் வந்து அமர்ந்தீர்கள். பிறகு ஒரு துண்டுச்சீட்டு: "கரும்பலகையோடு பேசாதே. கேள்வி கேட்டதும் மனத்துக்குள் பத்து எண்ணு."

உள்மதிப்பீட்டு மதிப்பெண் பதியவும் வினாத்தாள் அமைக்கவும் சொல்லிக்கொடுத்த மதியங்களில் உங்கள் தயிர்சாத டப்பா திறக்கப்படாமலே பைக்குள் திரும்பியது. ஓய்வுபெற்றுப் போய்விட்டீர்கள், கைபேசி எண்ணைக்கூட வாங்கிவைக்காத மடச்சி நான். நன்றி மேடம். இப்போதும் பத்து எண்ணுகிறேன். ஏழு வருவதற்குள் யாராவது கை தூக்கிவிடுகிறார்கள்.