அப்பத்தா இடுப்பு

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் கேட்டது என்னைத் தூங்கவிடவில்லை. பாப்பா சோற்றுக் கிண்ணத்தைத் தட்டிவிட்டதற்கு நீ கத்திய கத்தலில், அவள் அழக்கூட மறந்து உன்னையே பார்த்தாள் என்றாய். "நான் சின்னப் பிள்ளையில எப்படிம்மா வளர்ந்தேன்? எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருது?" என்றாய். நான் "சாப்பிட்டியா" என்று பேச்சை மாற்றிவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை, எழுதுகிறேன்.

நீ பிறந்த நாற்பதாம் நாள் என் அப்பா போய்ச் சேர்ந்தார். அதற்கு முன்பே எனக்கு மனசு சரியில்லைதான். "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். பால் கொடுத்தேன், குளிப்பாட்டினேன், துணி மாற்றினேன், ஒன்றிலும் குறை வைக்கவில்லை. உன்னைப் பார்த்துச் சிரித்ததாக மட்டும் ஞாபகம் இல்லை.

உனக்கு ஐந்தாம் மாதம் இருக்கும். ஒரு மத்தியானம் பாயில் கிடந்து "ங்கா" என்றாய். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுபடியும் "ங்கா". கையை ஆட்டினாய், காலை உதைத்தாய். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூளிக் கயிற்றைப் பார்க்க ஆரம்பித்தாய். அழவில்லை. 'சமத்துப் பிள்ளை' என்று அன்றைக்கு நினைத்தேன் பார், அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

பல வருஷம் கழித்து ஆசிரியர் பயிற்சி ஒன்றில் ஒரு வீடியோ போட்டார்கள். எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் தொடங்கிய சோதனை அது. கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய் திடீரென்று முகத்தை அசைக்காமல் வைத்துக்கொள்வாள். குழந்தை சிரிக்கும், கையை நீட்டும், கத்தும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எல்லாம் ஓரிரு நிமிடத்துக்குள். நான் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நரம்பு மண்டலம் நடத்தியவள் நான்!

நம் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்வதைப் பார்த்திருப்பாயே, மூளையிலும் அதுதான் நடக்கிறது. முதல் சில வருஷங்களில் நரம்பு இணைப்புகள் தேவைக்கு மேல் கிளைத்துக்கொண்டே போகும். பழகப் பழக உறுதிப்படுவது நிற்கும், புழங்காதது வெட்டுப்படும். "ங்கா"வுக்கு ஒரு பதில் வந்தால் ஒரு வழி பழகுகிறது. பயத்தில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறுவது தப்பில்லை; யாராவது தூக்கி அணைத்தால் இறங்கிவிடும். அணைக்க ஆளில்லாமல் மாசக்கணக்கில் ஏறியே கிடந்தால்தான் சிக்கல். ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி எப்போதும் விழித்தே இருக்கப் பழகிவிடலாம். அதற்குப் பிரேக் போடும், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியோ முதிர்வதற்கே கிட்டத்தட்ட இருபத்தைந்து வயசு ஆகும்.

அணைக்க ஆளில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை ருமேனியாவில் பார்த்தார்கள். அந்த நாட்டை ஆண்ட சௌசெஸ்கு 1966இல் கருக்கலைப்பைத் தடை செய்தார். வளர்க்க வழியில்லாத குழந்தைகளால் அரசு விடுதிகள் நிரம்பின. ஒரே ஆயாவுக்குப் பத்துக்கு மேல் குழந்தைகள், ஷிப்டு மாறினால் ஆளும் மாறும். 2000இல் தலைநகர் புக்கரெஸ்டில், விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளை வைத்து ஆராய்ச்சி தொடங்கினார்கள். பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். இரண்டு வயசுக்குள் வீடு கிடைத்த குழந்தைகளின் மூளை மின்னலைகள், எட்டு வயசில் பெற்றோரோடு வளர்ந்த பிள்ளைகளுடையதைப் போலவே இருந்தன. மற்றப் பாதியை விடுதியிலேயே விட்டதை நினைத்தால் எனக்கு மனசு ஒப்பவில்லை, அது வேறு விஷயம்.

உனக்கு வீடு மாற வேண்டியிருக்கவில்லை, அப்பத்தா இருந்தார். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டே ரேஷன் கடை, ஆட்டுக்கொட்டில், கோயில் எல்லாம் போவார். நீ என்ன உளறினாலும் பதில் உண்டு. "ஆமாடா ராசா, அந்தக் காக்கா திருடிருச்சா? அடிச்சிருவோமா?" வெற்றிலைச் சாற்றோடு உன் கன்னத்தில் முத்தம் கொடுப்பார். மாமியார் பிள்ளையைத் தன் பக்கம் இழுக்கிறார் என்று எனக்கு அன்றைக்குப் பொறாமை.

கனடாவின் மாண்ட்ரியலில் மைக்கேல் மீனி என்ற ஆராய்ச்சியாளர் எலிகளை வைத்து ஆராய்ந்தார். குட்டியை அதிகம் நக்கிக்கொடுக்கும் தாய் எலியிடம் வளர்வது எளிதில் மிரளாது. அவ்வளவாக நக்காத எலிக்குப் பிறந்த குட்டியை இதனிடம் விட்டாலும், வளர்த்தவள் சுபாவம்தான் அதற்கு வந்தது. எலிக் கணக்கை அப்படியே மனிதனுக்குப் போட முடியாது. ஆனாலும் அதைப் படித்த அன்று கைநாட்டுக்காரியான உன் அப்பத்தாவை நினைத்துக் கும்பிட்டேன்.

உன் கோபத்துக்கு அந்த மாசங்கள் காரணமா? இருக்கலாம். உன் அப்பாவின் சுபாவமாகவும், நீ பார்க்கிற நைட் ஷிப்டாகவும் இருக்கலாம். 1998இல் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்களிடம் சின்ன வயசுக் கஷ்டங்களைக் கேட்டு வந்த ஆய்வு, கஷ்டம் கூடக் கூடப் பின்னாளில் நோயும் கூடுவதைக் காட்டியது. அது கூட்டத்துக்கான கணக்கு. தனி ஒருவனுக்கு அதை ஜாதகம் மாதிரி வாசிக்கக் கூடாது.

அதே ட்ரோனிக் இன்னொன்றும் கண்டார். நன்றாக இருக்கும் தாயும் பிள்ளையும்கூடப் பாதி நேரத்துக்கு மேல் ஒருவரை ஒருவர் சரியாகப் புரிந்துகொள்வதில்லையாம். விட்டதைத் திரும்பப் பிடிப்பதில்தான் குழந்தை தெம்பு பெறுகிறது என்கிறார். கத்திய பிறகு பாப்பாவைத் தூக்கினாயா? அதை நீ சொல்லவே இல்லை.

இன்னொன்று. போன வாரம் வீடியோவில் மருமகள் முகம் எனக்குச் சரியாகப் படவில்லை. பேசுகிறாள், ஆனால் பார்வை எங்கேயோ இருக்கிறது. என்னை மாதிரி "சாப்பிட்டியா" என்று கேட்டு நிறுத்தாதே. தூங்கினாயா, மனசு எப்படி இருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேள். என்னை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. தேவைப்பட்டால் தள்ளிப் போடாமல் டாக்டரிடம் கூட்டிப் போ.

கம்பு மாவும் பருப்புப் பொடியும் பார்சலில் வருகிறது.

அம்மா