நீ கேட்ட கேம்ப் லிஸ்ட்

மாட்டுங்கா, மும்பை
மே 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதறது. இங்க எல்லாரும் சௌக்கியம். அப்பாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு, வெயில் வேற.

ஜூலையிலேர்ந்து உங்க கிளப்புல சர்வீஸ் ப்ராஜெக்ட் எல்லாத்துக்கும் உன்னைப் பொறுப்பா போட்டிருக்காங்கன்னு செம்பூர் அத்தை சொல்லித்தான் தெரிஞ்சுது. சந்தோஷமா இருந்தது. அத்தைக்குச் சொன்னதை எங்களுக்கும் சொல்லியிருக்கலாம். போகட்டும். நேத்து ராத்திரி பதினொண்ணரைக்கு உன் மெசேஜ் வந்தது, ரெண்டே வரி. "ரத்த தான கேம்ப்புக்கு என்னென்ன வேணும்னு லிஸ்ட் அனுப்பும்மா. போன வாரம் ஆபீஸ் கேம்ப்புல என்னை எடுக்கலை." அவ்வளவுதான். முதல் வரிக்குப் பதில் எழுதறேன். வாட்ஸ்அப்புல அடங்காது, அதான் கடுதாசி.

முதல்ல தேதி. உங்க ஆளுங்க உலக ரத்த தான தினம்னு சொல்லி ஜூன் 14லயே நிப்பாங்க. ஆகஸ்ட் 15, அக்டோபர் 1, ஜனவரி 26 எல்லாம் அதே கதைதான். அன்னிக்கு ஊர் பூரா கேம்ப், ரத்தப் பை குவிஞ்சுடும். சிவப்பணு சாதாரணப் பையில 35 நாள் தாங்கும், எஸ்.ஏ.ஜி.எம். கரைசல் சேர்த்தா 42 நாள். பிளேட்லெட் வெறும் 5 நாள். ஒரே நாள்ல எல்லாத்தையும் எடுத்துக் கொட்டிட்டு மறு மாசம் வறண்டு போனா யாருக்கு லாபம்? தட்டுப்பாடு வர்றது ஏப்ரல், மே மாசத்துல, காலேஜ் மூடி பாதிப் பேர் சொந்த ஊருக்குப் போனப்புறம். அதுக்கடுத்து தீபாவளி வாரம். தலசீமியாங்கற பரம்பரை ரத்தக் குறைபாடு இருக்கற குழந்தைங்களுக்கு ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தரம் ரத்தம் ஏத்தியாகணும், அதுக்கு தீபாவளி லீவு கிடையாது. பிளட் பேங்க்ல போய், உங்களுக்கு எந்த வாரம் கையிருப்பு குறையும்னு கேளு. அந்த வாரத்தை எடுத்துக்கோ. போட்டோவுக்கு ஜூன் 14 வேணும்னு தலைவர் அடம் பிடிச்சா, அன்னிக்கு ஒரு கூட்டம் போட்டுப் பேர் மட்டும் பதிஞ்சுக்கோ.

பிளட் பேங்க்கிட்ட இன்னொண்ணும் கேட்கணும், ரத்தத்தைச் சிவப்பணு, பிளேட்லெட், பிளாஸ்மான்னு தனித்தனி காம்பொனென்ட்டா பிரிப்பாங்களான்னு. பிரிச்சா ஒரு பையில மூணு பேருக்கு உதவும். ஆனா பிளேட்லெட் வேணும்னா எடுத்த ஆறு மணி நேரத்துக்குள்ள பை லேப்ல இருக்கணும், அதுவரைக்கும் 20லேர்ந்து 24 டிகிரியில வச்சிருக்கணும். உங்க பெங்களூர் ஒயிட்ஃபீல்டுல காலையில ஒன்பதுக்கு எடுத்த பையை மத்தியானம் மூணு மணி வரைக்கும் வச்சிருந்து, சில்க் போர்டு டிராஃபிக்ல கொண்டு போனா நடக்கிற காரியமா? நடுவுல ஒரு வண்டி வந்து முதல் லாட்டை எடுத்துண்டு போகணும்னு முன்னாடியே எழுதி வாங்கிக்கோ.

இடம் தரைத்தளமா இருக்கட்டும். கொடுத்துட்டு மாடிப்படி இறங்கறவங்கதான் விழுவாங்க. சட்டத்துல ஒரு கணக்கு உண்டு: மூணு மணி நேரத்துல 50லேர்ந்து 70 பேர்னா, ஒரு டாக்டர், ரெண்டு நர்ஸ், ஆறிலேர்ந்து எட்டு படுக்கை. ஆறு படுக்கைக்கு இடமில்லாத ஹால்ல 200 பேருக்கு பேனர் அடிக்காதே. பதிவு, எடை, டாக்டர், படுக்கை, சிற்றுண்டின்னு ஒரே திசையில நகரணும். வந்த வழியே திரும்ப விட்டா, படுக்கையில இருக்கறவங்களைப் பார்த்தே வரிசையில நிக்கறவங்களுக்கு மயக்கம் வந்துடும். கரண்ட் போனா என்னன்னு யோசிச்சு வை. மின்விசிறி எல்லா படுக்கைக்கும் எட்டணும்.

மயக்கம் வர்றது பெரும்பாலும் முதல் தரம் கொடுக்கறவங்களுக்கு, சின்ன வயசுக்காரங்களுக்கு, ஒல்லியா இருக்கற பொண்ணுங்களுக்கு. ஊசி இருக்கும்போது மட்டும் இல்லை, எழுந்து ரெண்டு அடி வச்சப்புறமும் வரும். அதனால கெட்டிக்கார ஆளைப் படுக்கைக்கிட்ட நிறுத்தாதே, சிற்றுண்டி மேஜைக்கிட்ட நிறுத்து. கொடுக்கறதுக்கு முன்னாடி அரை லிட்டர் தண்ணி குடிக்க வைக்கணும். முடிஞ்சு கால் மணி நேரமாவது உட்காரணும். தலை சுத்துதுன்னு சொன்ன உடனே படுக்க வச்சு காலைத் தூக்கணும், நிக்க வச்சு முகத்துல தண்ணி தெளிக்கக் கூடாது. எல்லாரும் சாப்பிட்டுட்டு வரணும். வெறும் வயித்துல வர்றது புண்ணியம் இல்லை. விரதம்னு சொல்றவங்களை இன்னொரு நாள் வரச் சொல்லு. பஸ், லாரி ஓட்டறவங்க, உயரத்துல ஏறி வேலை செய்யறவங்க 24 மணி நேரத்துக்குள்ள டியூட்டி இருந்தா கூடாது. டெக் பார்க்கா இருந்தா இன்னொரு விஷயம்: செக்யூரிட்டி ஆளுங்களையும் ஹவுஸ்கீப்பிங் பொண்ணுங்களையும் சூப்பர்வைசர் வரிசையில கொண்டு வந்து நிறுத்துவார், எண்ணிக்கை காட்டறதுக்காக. முடியாதுன்னு சொல்ல அவங்களுக்கு வாய் வராது. அவர் பார்க்காத இடத்துல டாக்டர் ஒரு தரம் கேட்கட்டும்.

பரிசு வேண்டவே வேண்டாம். ஹெல்மெட், டிபன் பாக்ஸ், லக்கி டிரான்னு யாராவது கிளம்புவாங்க. 1996ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்து, 1998 ஜனவரியோட காசுக்கு ரத்தம் விக்கறது தடையாச்சு. பொருளும் காசுதான். டிபன் பாக்ஸுக்காக நிக்கறவங்க படிவத்துல உண்மை எழுத மாட்டாங்க. டீ, பிஸ்கட், வாழைப்பழம், ஒரு சர்டிபிகேட், போதும். எங்க மாட்டுங்கா கிளப் போர்டு மீட்டிங்ல இதுக்காக வருஷா வருஷம் ஒரு சண்டை, உனக்குத்தான் தெரியுமே.

இனி திருப்பி அனுப்பறவங்க விஷயம். நூறு பேர் பதிஞ்சா நூறு பை வராது, அதை உன் தலைவருக்கு இப்பவே சொல்லி வை. பெண்கள்ல பெரும்பாலும் ஹெச்.பி., அதாவது ஹீமோகுளோபின், குறைவா இருக்கறதுதான் காரணம். ஆணோ பெண்ணோ 12.5 இருக்கணும். காப்பர் சல்ஃபேட் கரைசல்ல ஒரு சொட்டு விடுவாங்க, 15 விநாடிக்குள்ள மூழ்கினா சரி. ஆனா அது அவ்வளவு கச்சிதமான சோதனை இல்லை. சொட்டுல காத்துக்குமிழி இருந்தா நல்ல ரத்தமும் மிதக்கும். 30 மில்லி கரைசலை 25 பேருக்கு ஒரு தரம் மாத்தணும், கூட்டத்துல மறந்துடுவாங்க. அதனால மிதந்ததும் ஒருத்தரும் பயந்துக்க வேண்டியதில்லை. லேப்ல போய் ரத்த அணுக்களை எண்ணற சி.பி.சி.யும், உடம்புல சேமிச்சிருக்கற இரும்பைக் காட்டற ஃபெரிட்டினும் பார்க்கணும், ரெண்டும். ஹெச்.பி. ஓரளவு இருந்தும் ஃபெரிட்டின் அடிமட்டத்துல இருக்கலாம். முடி கொட்டும், மாடி ஏறினா மூச்சு வாங்கும், ஐஸ் கட்டி மெல்லணும்போல இருக்கும். பொங்கலுக்கு நீ வந்திருந்தப்போ நம்ம ஃப்ரிட்ஜ்ல ஐஸ் ட்ரே எப்பப் பார்த்தாலும் காலியாவே இருந்தது.

எடை 45 கிலோ இருக்கணும், 55க்கு மேலன்னா 450 மில்லி எடுக்கலாம், இல்லைன்னா 350. எடை மெஷினைக் கல் தரையில வை, கார்பெட்ல வச்சா தப்பா காட்டும். வாயால 46ன்னு சொல்றவங்களையும் ஏத்தி நிறுத்திப் பார்க்கணும். நைட் ஷிஃப்ட் முடிச்சு தூங்காம வர்றவங்களை எடுக்கக் கூடாது. பதினொண்ணரைக்கு மெசேஜ் அனுப்பிட்டு எட்டு மணிக்குக் கேம்ப்புல நின்னா டாக்டருக்குக் கண்ணைப் பார்த்தே தெரியும். ஆன்டிபயாடிக் முடிஞ்சு ரெண்டு வாரம் ஆகணும். மலேரியான்னா குணமாகி மூணு மாசம், டெங்குன்னா ஆறு மாசம், டைபாய்டுன்னா ஒரு வருஷம். காய்ச்சல்ல தனியா கிடந்ததை வீட்டுக்குச் சொல்லாதவங்க இருக்கலாம், படிவத்துல சொல்லியாகணும். பச்சை குத்தினா ஒரு வருஷம், காது மூக்கு குத்தினாலும் அப்படியே. இந்தக் காலத்துல எல்லாரும் குத்திக்கறாங்க, எனக்கு அதுல ஒண்ணும் இல்லை. அப்பாவுக்குத்தான்.

தைராய்டு மாத்திரையில கட்டுக்குள்ள இருந்தா கொடுக்கலாம். மனச்சோர்வுக்கும் படபடப்புக்கும் மாத்திரை சாப்பிடறவங்களை மாத்திரை பேரைப் பார்த்ததுமே வெளியே அனுப்பற டாக்டருங்க உண்டு. அது தப்பு. 2017ல வந்த தேசிய வழிகாட்டுதல்லயே இருக்கு, நிலையா இருந்து அன்னிக்கு நல்லா இருந்தா ஏத்துக்கலாம்னு. மாத்திரை சாப்பிடறதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்லை, இதை உன் வாலண்டியருங்களுக்கு நல்லா சொல்லி வை. மாதவிலக்கு நாள்ல எடுக்க மாட்டாங்க. பிரசவமானா ஒரு வருஷம், பால் கொடுக்கற வரைக்கும் கூடாது. கரு கலைஞ்சா ஆறு மாசம். கல்யாணம் ஆனவங்களோ ஆகாதவங்களோ, கேள்வி எல்லாருக்கும் ஒண்ணுதான்.

அதனாலதான் டாக்டர் மேஜைக்குத் திரை கட்டாயம். போன தரம் அடுத்த நாற்காலியில இருந்தவருக்கும் கேட்டுதுன்னு யாரும் சொல்லும்படி வைக்காதே. படிவம் கன்னடம், தமிழ், இந்தி, இங்கிலீஷ் நாலுலயும் இருக்கட்டும். போன் நம்பர் அவங்கவங்க சொந்த நம்பரா இருக்கணும், வீட்டு நம்பர் கூடாது. எடுத்த ரத்தத்துல ஹெச்.ஐ.வி., ரெண்டு வகை ஹெபடைடிஸ், சிபிலிஸ், மலேரியா பார்ப்பாங்க. ஏதாவது வந்தா கொடுத்தவரைக் கூப்பிட்டுத் தனியா சொல்லுவாங்க, கிளப்புக்குக் கூட சொல்லக் கூடாது. குரூப்பும் அப்படித்தான், கேம்ப்புல ஸ்லைடுல பார்த்ததை ஐ.டி. கார்டுல அச்சடிக்காதே. 1952ல நம்ம பம்பாயில டாக்டர் பேண்டே குழு கண்டுபிடிச்சாங்களே பம்பாய் குரூப், அது ஸ்லைடுல பார்த்தா ஓ மாதிரியே காட்டும். லேப்ல சீரத்தையும் சோதிச்சாத்தான் தெரியும். அவங்களுக்கு ஓ ரத்தம் ஏத்தினா ஆபத்து.

காரணத்தைக் கேட்கறது டாக்டர் வேலை. வெளியே வர்றவங்களை ஏன் எடுக்கலைன்னு யாரும் கேட்கக் கூடாது, வாலண்டியரானாலும் சரி, கூட வந்த சிநேகிதியானாலும் சரி, பெத்தவங்களானாலும் சரி. திருப்பி அனுப்பினவங்களுக்கும் அதே டீ, அதே பிஸ்கட், அதே நாற்காலி. மாட்டுங்கால இதைக் கறாரா நடத்தறது நான்தான், அதுல சிலருக்கு என்மேல வருத்தம் கூட உண்டு. அதனாலதான் உன் ரெண்டாவது வரிக்கு இங்க ஒண்ணும் எழுதலை.

மத்தபடி, இங்க ஜூன்ல தாராவி கார்ப்பரேஷன் தமிழ்ப் பள்ளிக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்கறோம். வகுப்புவாரியா ஒரு கோடு, ரெண்டு கோடு, நாலு கோடு, கட்டம் எத்தனை வேணும்னு ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட எழுதி வாங்கினப்புறம்தான் ஆர்டர். அட்டையில தலைவர் படம் வேண்டாம்னு சொல்லிட்டேன். கண் கேம்ப் மழை விட்டப்புறம். உன் பழைய ரூமுக்கு வெள்ளையடிச்சாச்சு.

கேம்ப் முடிஞ்ச மறுநாள் எல்லாருக்கும் ஒரு மெசேஜ் போடு: 350 மில்லியோட ஏறக்குறைய 150 மில்லிகிராம் இரும்பும் போகும், சாப்பாட்டோட காபி டீ கூடாது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கணும், கீரை பருப்போட எலுமிச்சை பிழிஞ்சுக்கணும்னு. கொடுக்காதவங்களுக்கும் அதையே அனுப்பு. கொடுக்காதவங்களும் சாப்பிடணும், தூங்கணும்.

அண்ணா அடுத்த வெள்ளிக்கிழமை உத்யான் எக்ஸ்பிரஸ்ல வர்றான். முருங்கைக்கீரைப் பொடியும் எள்ளுருண்டையும் கொடுத்தனுப்பறேன், ஃப்ரிட்ஜ்ல வைக்க வேண்டாம். லேபுக்கு அவனைக் கூட்டிண்டு போகணும்னா போ, அவன் வாசல்லயே உட்கார்ந்திருப்பான், எதுவும் கேட்க மாட்டான். அவனுக்குச் சொல்லி வச்சிருக்கேன். கேம்ப்புக்குப் பதிவு மேஜையில ஒரு ஆள் குறைஞ்சா நான் வர்றேன். ஒரு மாசம் முன்னாடியே சொல்லு, லோயர் பெர்த் கிடைக்கணுமே.

அன்புடன்
அம்மா