கெம்ப் எறிந்த பந்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். விளையாட்டு வீரர்கள் அரசியலுக்கு வருவதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் அமெரிக்கக் குடியரசுக் கட்சி அரசியல்வாதி ஜாக் கெம்ப்புக்கு ஒரே ஒரு வரி கொடுத்திருந்தார் கட்டுரையாளர்: முன்னாள் கால்பந்து வீரர், மைதானத்துப் புகழை ஓட்டாக மாற்றிக்கொண்டவர். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் சின்ன விஷயம். கெம்ப் ஆடியது கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்தும் கையில் அணைத்துக்கொண்டு ஓடியும் ஆடுகிற அமெரிக்கன் ஃபுட்பால். பெயரில்தான் கால் இருக்கிறது, ஆட்டத்தில் அதற்கு வேலை எப்போதாவதுதான். இதெல்லாம் ஒரு பிழையா என்று நீங்கள் கேட்கலாம். 1986இல், உலகக் கோப்பைக் கால்பந்தை அமெரிக்காவில் நடத்த ஆதரவு கோரும் தீர்மானம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைக்கு வந்தபோது, எழுந்து எதிர்த்துப் பேசியவர் இதே கெம்ப். எங்கள் ஃபுட்பால் ஜனநாயகமும் முதலாளித்துவமும் கலந்தது, சாக்கர், அதாவது நம் கால்பந்து, ஐரோப்பிய சோஷலிஸ்ட் ஆட்டம் என்றார். அவரைப் போய்க் கால்பந்து வீரர் ஆக்கிவிட்டீர்கள்!

சரி, புகழ் விஷயத்துக்கு வருகிறேன். நான் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் இருபது வருடத்துக்கு மேலாகக் குடியிருக்கிறேன். நகரின் கிழக்குப் பகுதியில், ஜெஃபர்சன் அவென்யூவும் பெஸ்ட் தெருவும் சந்திக்கும் மூலையில், ஒரு பழைய ஸ்டேடியத்தின் வாசல் மட்டும் தனியாக நிற்கிறது. பஃபலோ பில்ஸ் அணி 1972 வரை ஆடிய வார் மெமோரியல் ஸ்டேடியம் அது. ராக்பைல், அதாவது கற்குவியல், என்றுதான் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். ஸ்டேடியத்தை இடித்துவிட்டு வாசலை விட்டுவைத்திருக்கிறார்கள். உள்ளே இப்போது விளையாட்டுத் திடல். சுற்றிலும் கறுப்பின மக்களின் வீடுகள், தேவாலயங்கள்.

கெம்ப் இந்த வாசலுக்கு வந்து சேர்ந்தது ஒரு விபத்து. லாஸ் ஏஞ்சல்ஸில் லாரி கம்பெனி நடத்தியவரின் மகன். படித்தது ஆக்ஸிடென்டல் என்ற சிறிய கல்லூரி, பாடம் உடற்கல்வி. கல்லூரி அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர். பெரிய பல்கலைக்கழக வீரர்களுக்கு நடுவே அவரை யாரும் தேடவில்லை. 1957இல், அணிகள் சுற்றுச்சுற்றாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, டெட்ராய்ட் அணி 17ஆவது சுற்றில் எடுத்து, எடுத்த வேகத்தில் கழற்றிவிட்டது. பிட்ஸ்பர்க், நியூயார்க், கனடாவின் கால்கரி என்று அலைந்தார். 1960இல் புதிய லீக் ஒன்று தொடங்கியபோதுதான் சார்ஜர்ஸ் அணியில் நிலையான இடம் கிடைத்தது. 1962இல் பந்து எறியும் வலது கையின் நடுவிரல் உடைந்தது. மூட்டு அப்படியே இறுகிவிடும் என்ற நிலையில், பந்தைப் பிடிக்கிற வளைவிலேயே விரலைப் பொருத்திக் கட்டும்படி கேட்டுக்கொண்டார். காயத்தோடு இருந்தவரைச் சிறிது காலம் பட்டியலிலிருந்து மறைத்துவைக்கப் பயிற்சியாளர் ஏதோ கணக்குப் போட, அது பிசகி, பிற அணிகள் எடுத்துக்கொள்ளக்கூடியவர்களில் ஒருவராகப் போய்விட்டார். பஃபலோ அவரை எடுத்தது. விலை 100 டாலர். 1964 டிசம்பர் 26 அன்று இதே ராக்பைலில் நடந்த இறுதி ஆட்டத்தில் பில்ஸ் 20-7 என்று ஜெயித்தது. தோற்றது சார்ஜர்ஸ். அடுத்த வருடம் அவர்கள் ஊருக்கே போய் 23-0.

புகழ் வந்தது இப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் குவார்ட்டர்பேக் என்றால் என்ன வேலை என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஆட்டம் தொடங்குமுன் பத்துப் பேரை வட்டமாக நிறுத்தி, யார் எங்கே ஓட வேண்டும் என்று சில நொடிகளில் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பெரும்பாலும் திட்டத்தையும் அவரே முடிவு செய்தார். தன்னை நசுக்க வருகிறவனைத் தடுத்து நிற்பவன் கறுப்பனா வெள்ளையனா என்று பார்க்க அங்கே நேரம் கிடையாது. 1965 ஜனவரியில் நட்சத்திர ஆட்டத்துக்காக நியூ ஆர்லியன்ஸ் போன கறுப்பின வீரர்களை டாக்ஸிகள் ஏற்ற மறுத்தன, கேளிக்கை விடுதிகள் உள்ளே விடவில்லை. 21 பேரும் ஆட மாட்டோம் என்று கிளம்பினார்கள். அவர்களில் முன்னால் நின்ற குக்கி கில்கிறிஸ்ட்டும் எர்னி வார்லிக்கும் கெம்ப்பின் பில்ஸ் தோழர்கள். கெம்ப் அவர்கள் பக்கம் நின்றார். ஆட்டம் ஹூஸ்டனுக்கு மாறியது. அதே காலத்தில் லீக் வீரர்களின் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். ஐந்து முறை அதன் தலைவராக இருந்தார்.

குடியரசுக் கட்சியில் சங்கத் தலைவர் என்பதே அபூர்வம். 1970இல் உருக்காலைத் தொழிலாளர்கள் நிறைந்த இந்தப் பஃபலோ வட்டாரத்தில் பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் அவர் நின்று நெருக்கமான போட்டியில் ஜெயித்தார். அந்த முதல் ஓட்டுக்குப் புகழ் காரணமாக இருந்திருக்கலாம். அடுத்த எட்டுத் தேர்தல்களையும் ராக்பைல் ஞாபகம் மட்டுமே ஜெயித்துக் கொடுத்திருக்காது. எள்ளி நகையாடினார்கள், கைதட்டினார்கள், கழற்றிவிட்டார்கள், விற்றார்கள், கொடும்பாவி கட்டித் தொங்கவிட்டார்கள், அரசியலுக்கு வருமுன்பே எல்லாம் பழகிவிட்டது என்று அவரே வேடிக்கையாகச் சொல்வாராம்.

அவருடைய பொருளாதாரம் எனக்கு ஒத்துவராது. உடற்கல்வி படித்தவர், தானாகவே பொருளாதாரப் புத்தகங்களை வாசித்து, வரியைக் குறைத்தால் எல்லாம் பெருகும் என்ற முடிவுக்கு வந்து, அதைக் கடைசி வரை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். செனட்டர் ராத்துடன் சேர்ந்து அவர் வருமான வரியை 30 சதவீதம் குறைக்கச் சொன்னார். 1981இல் அதிபர் ரீகன் கையெழுத்திட்டது ஏறக்குறைய 23 சதவீதம், உச்ச வரி 70இலிருந்து 50. பற்றாக்குறை வீங்கியது. அதைப் பற்றி கெம்ப் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 1989இல் அதிபர் மூத்த புஷ்ஷின் அரசில் வீட்டுவசதித் துறை அமைச்சரானார். அரசுக் குடியிருப்புகளில் வாடகைக்கு இருக்கும் ஏழைகளே வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆகட்டும் என்றார், நலிந்த நகரப் பகுதிகளில் தொழில் தொடங்குவோருக்கு வரிச்சலுகை கேட்டார். புஷ் அரசு பணத்தை இறுக்கிப் பிடித்தது, பாதிக்கு மேல் காகிதத்தில் நின்றது. ஆனாலும் தன் கட்சிக்கு ஓட்டுப் போடாதவர்களின் தெருக்களுக்குத் தேடித்தேடிப் போன குடியரசுக் கட்சி அமைச்சர் அவர்.

சறுக்கலும் உண்டு. ஆவணமில்லாத குடியேறிகளுக்குப் பள்ளியும் மருத்துவமும் மறுக்கும் 187ஆவது தீர்மானம் கலிபோர்னியாவில் 1994இல் வந்தபோது, கட்சியைப் பகைத்துக்கொண்டு எதிர்த்தார். இரண்டே வருடத்தில், கட்சியின் அதிபர் வேட்பாளர் பாப் டோலுடன் துணை அதிபர் வேட்பாளரானதும் குரலை மாற்றிக்கொண்டார். எனக்கு இன்றும் உறுத்துவது அதுதான்.

கடைசியாக ஒரு கடிதம். 2008 நவம்பரில் ஒபாமா ஜெயித்ததும் கெம்ப் தன் 17 பேரப்பிள்ளைகளுக்கு ஒன்று எழுதினார். அவருடைய கட்சி தோற்றிருந்தது. 47 வயதுக் கறுப்பினத்தவர் அதிபராகிவிட்டார் என்று தெரிந்ததும், இது ஒரு மகத்தான நாடு இல்லையா என்றுதான் முதலில் தோன்றியதாம். 2009 மே 2 அன்று புற்றுநோயில் இறந்தார். ஆகஸ்டில் சுதந்திரத்துக்கான அதிபர் பதக்கத்தை அவருடைய மனைவியிடம் கொடுத்தவர் ஒபாமா. ஒபாமாவும் முதல் இரண்டு வருடம் படித்தது அதே ஆக்ஸிடென்டல் கல்லூரியில்தான்.

கட்டுரையைப் பிறகு நூலாக்கினால் கெம்ப்புக்கு இன்னும் ஒரு பத்தி கொடுங்கள். இடமில்லை என்றால் 'கால்பந்து' என்ற சொல்லையாவது எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பஃபலோவிலிருந்து ஒரு வாசகர்