காசித்தும்பையைப் பறித்து வைக்க மாட்டேன்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே மூணாறு மலைமேல் கோவிலூரில் எல்லோரும் நலம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. அப்பா கேரட் பாத்தியில் களை எடுக்கிறார்.

பூவை மிக நெருங்கி எடுக்கிற புது மேக்ரோ லென்ஸ் வாங்கிவிட்டதாக நீ போனில் சொன்னபோது எனக்கு உன்னைவிடச் சந்தோஷம். கூடவே ஒன்று கேட்டாயே, ஓடைக்கரைக் காசித்தும்பையில் ஒரு கொத்துப் பறித்து வை, கறுப்புத் துணி கட்டி ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்துக்கொள்கிறேன் என்று. அதை மட்டும் செய்ய மாட்டேன் கண்ணு. பூ நிற்கிற இடத்துக்கு நீதான் போக வேண்டும்.

அந்தச் செடியின் தண்டைத் தொட்டுப் பார்த்திருக்கிறாய், முழுக்கத் தண்ணீர். ஓடையின் ஈரத்தை நம்பி நிற்கிறது. ஒடித்துக் கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் பூ தலை தொங்கிவிடும். அது மட்டுமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் காசித்தும்பை வகைகளில் பல உலகில் வேறெங்கும் கிடையாது, சில வகைகள் ஒன்றிரண்டு மலைகளோடு நின்றுவிடுகின்றன. அப்படிப்பட்ட பூவுக்குப் பின்னால் கறுப்புத் துணியைக் கட்டினால், அது எங்கே வளர்ந்தது என்று படம் பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? பாசி பிடித்த பாறையும் தெறிக்கிற தண்ணீரும் பக்கத்துப் புல்லும் படத்தில் இருக்கட்டும். முகத்தை நேராக எடுத்ததோடு நிறுத்திவிடாதே. பக்கவாட்டிலும் எடு. பூவுக்குப் பின்னால் வளைந்து போகிற மெல்லிய வாலில்தான் தேன் இருக்கிறது, இது எந்த வகை என்று சொல்கிறவர்கள் அதைத்தான் முதலில் தேடுவார்கள். இலை தண்டில் எப்படி அமைந்திருக்கிறது என்பதற்கு இன்னொரு படம்.

நீ பயப்படுவது காற்றுக்குத்தான், தெரியும். பயப்பட வேண்டியதும்தான். பூ தன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழுமளவுக்கு நெருங்கினால், முழு பிரேம் கேமராவில் லென்ஸின் துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கி வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். இதழ் லேசாக அசைந்தாலும் போயிற்று. எஃப் 16-க்கு மேல் போய்த் துளையை இன்னும் சுருக்கிச் சமாளிக்கப் பார்க்காதே, சின்னத் துளையில் ஒளி வளைந்து பரவுகிற விளிம்பு விளைவால் படம் மொத்தமும் மழுங்கும். அதற்குப் பதில் நீ நிற்கிற கோணத்தை மாற்று. பூவின் எந்தத் தளம் முக்கியமோ அதற்கு நேர் எதிரே, இணையாகக் கேமராவைப் பிடித்தால் அந்த ஒரு மில்லிமீட்டரே போதும்.

இங்கே விடிந்ததிலிருந்து எட்டு மணி வரை பெரும்பாலும் காற்று அடங்கியிருக்கும். வெயில் ஏறிச் சரிவு சூடானதும் பள்ளத்திலிருந்து காற்று மேலே கிளம்பிவிடும். அதற்குப் பிறகு ஓடைக்கரையில் உட்கார்ந்து புலம்பிப் பயனில்லை. காலையிலும் காற்று ஒரேயடியாக நிற்காது, ஒரு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் நடுவில் சற்று ஓயும். ட்ரைபாடைத் தரையோடு தாழ்த்தி, போகஸைக் கையால் வைத்துவிட்டு, கண்ணைத் திரையில் வைக்காமல் பூவின் மேல் வை. அது நிற்கும்போது அழுத்து. கேமராவின் ஒளியுணர்வை, அதாவது ஐஎஸ்ஓவை, ஏற்றத் தயங்காதே, ஷட்டரை வேகமாக வைக்கலாம்; கொஞ்சம் புள்ளி தெரிந்தால் தெரியட்டும், அசைந்த படத்தைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. குறுக்கே வருகிற புல்லைப் பிடுங்காமல் விரலால் சாய்த்துப் பிடி.

மேகம் மூடிய நாள் வீணாகிவிட்டது என்று நினைப்பாய். பூவுக்கு அதுதான் நல்ல நாள், நிழல் வெட்டாமல் வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவி விழும். வெயில் அடித்தால் அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து வைத்திருக்கிறேன், பூவுக்கும் சூரியனுக்கும் நடுவே நான் பிடிக்கிறேன். தெளிந்த வானத்தின் கீழ் நிழலில் எடுத்தால் எல்லாம் நீலம் பாய்ந்து ஊதாப் பூவின் நிறம் கெடும். ஒரு வெள்ளைத் தாளை முதலில் அதே இடத்தில் எடுத்து நிறச் சமநிலையை, ஒயிட் பேலன்ஸை, சரிசெய்துகொள்.

செங்காந்தளுக்கு வேறு கவனம் வேண்டும். பச்சை கலந்த மஞ்சளில் விரிந்து நாளாக நாளாகச் சிவக்கும். முற்றிச் சிவந்ததை எடுத்தால் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்து, இதழின் நெளிவெல்லாம் ஒரே பூச்சாகிவிடும். படத்தில் விழும் வெளிச்சத்தை, எக்ஸ்போஷரை, குறைத்து, வெளிச்ச அளவை வரைந்து காட்டும் ஹிஸ்டோகிராமில் சிவப்புக் கோட்டைத் தனியாகப் பார். இதழ்கள் பின்னால் மடிந்து மேலே எழும்பும், மகரந்தத் தாள்கள் சுற்றிலும் விரியும், சூல்தண்டு சட்டென்று ஒரு பக்கமாகத் திரும்பும். பக்கவாட்டில் எடுத்தால்தான் இத்தனையும் கிடைக்கும்.

சென்னையில் 19-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரிடம் ரங்கையா, கோவிந்து என்று இரண்டு ஓவியர்கள் வேலை பார்த்தார்கள். தென்னிந்தியச் செடிகளை இலையும் பூவும் பிளந்த காயுமாக வரைந்தவர்கள். அவர்களுக்குச் செடியைப் பறித்துக் கொடுத்தாக வேண்டியிருந்தது. உனக்கு அந்தக் கட்டாயம் இல்லையே. அவர்கள் பார்த்த கவனத்தை மட்டும் நீ எடுத்துக்கொள்.

குறிஞ்சியைக் கேட்டிருந்தாய். 2018-இல் பூத்தது, அந்த ஆகஸ்டின் பெருமழையை நீ மறந்திருக்க மாட்டாய். அடுத்தது 2030-இல். பூத்துக் காய்த்து விதை உதிர்த்ததும் செடி காய்ந்துவிடும், அந்த விதையில் முளைத்தவைதான் இப்போது புதர்களாக நிற்கின்றன. இன்னும் பூக்காத செடிதானே என்று மிதித்து நடந்தால் 2030-இன் பூவைத்தான் மிதிக்கிறோம். நம் ஊரை ஒட்டிய குறிஞ்சிமலைச் சரணாலயம் 2006-இல் அறிவிக்கப்பட்டது. அதற்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். நாம் பாதையோரத்திலும் நம் வரப்பிலும் பார்ப்போம், அங்கேயே நிறைய இருக்கிறது.

உடுமலைப்பேட்டை வழியாகவே வா. சின்னாறு காட்டுக்குள் காந்தளைப் பார்த்தாலும் இறங்காதே, யானை நடமாட்டம் உண்டு. மறையூர் வந்த பிறகு வேலியோரங்களில் தேடலாம். அட்டைக்கு நீளமான காலுறை கொண்டு வா, உப்பு நான் வைத்திருக்கிறேன். குளிரிலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் கேமராவைப் பையிலிருந்து எடுக்காதே, லென்ஸில் ஆவி படியும். எந்த பஸ் என்று முந்தின நாளே சொல், அப்பா மூணாறுக்கு வந்து நிற்பார்.

அன்புடன்,
அம்மா