கொழும்புப் பயணம்: தரம் 9 பெற்றோர் கவனத்துக்கு

வணக்கம். 14ஆம் திகதி வெள்ளி இரவு 10 மணிக்கு கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியிலிருந்து பஸ் வெளிக்கிடும்.

1. சனி காலை கொச்சிக்கடை: சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயில், கிட்டவே அந்தோனியார் கோயில்.
2. புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசல், 1908இல் கட்டத் தொடங்கியது. சுவரெல்லாம் சிவப்பும் வெள்ளையுமாய் வரி வரியாக இருக்கும்; அவசரப்படுத்தாமல் பார்க்க விடுவோம்.
3. 1877இல் திறந்த தேசிய நூதனசாலை. பின்னேரம் காலிமுகத்திடல்.
4. கடைகளில் பிள்ளைகளே சிங்களத்தில் விலை கேட்டு வாங்கவேணும். புத்தகத்தில் படித்த மொழி வாயில் வர இதைவிட நல்ல இடமில்லை. "கீயத?" (எவ்வளவு?) என்று இப்பவே பழக்குங்கோ.
5. அடக்கமான உடுப்பு, தலை மூட சால்வை, தண்ணீர்ப் போத்தல்.

வாற பிள்ளையின் பெயரைப் புதன் இரவு 8 மணிக்குள் இங்கே போடுங்கோ. மருந்து எடுக்கிற பிள்ளையெண்டால் எனக்குத் தனியாக அறிவியுங்கோ.