காசநோய் சிகிச்சையில் இருப்பவர்களின் மனப்பதற்றத்தையும் கவனிக்கக் கோரும் மனு

அனுப்புநர்
ஐந்தாவது மாதமாகக் காசநோய் மாத்திரை சாப்பிட்டு வரும் ஒருவர்
(பெயர், முகவரி தனித்தாளில்)

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
காசநோய்த் தடுப்புப் பிரிவு,
பொது சுகாதாரத் துறை

பொருள்: காசநோய் சிகிச்சையின்போது வரும் மனப்பதற்றத்தை மாதந்தோறும் கேட்டறிந்து உதவ ஆவன செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனு பல மேசைகளைத் தாண்டி வரும் என்பதால் பெயரைத் தனியாக எழுதி உறையில் வைத்திருக்கிறேன். ஏன் என்று இந்த நோய் வந்தவர்களுக்குத் தெரியும்.

எனக்கு நுரையீரல் காசநோய். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அப்புறம் நான்கு மாதம் மருந்தைக் குறைத்து, ஆக மொத்தம் ஆறு மாதம் என்றார்கள். மூன்றாவது வாரத்திலேயே இருமல் அடங்கிவிட்டது. ஆனால் இரண்டாவது மாதத்தில் ஒன்பது நாள் மாத்திரை போடவில்லை. மறதியால் இல்லை, பயத்தால்.

இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வரும். நெஞ்சு இறுகும், படபடக்கும், சட்டை நனைந்திருக்கும். பகலில் சாப்பாடு இறங்காது, எடையும் குறைந்தது. இரவில் வியர்வை, பசியின்மை, எடை குறைதல், நெஞ்சுவலி என்று சுவரொட்டியில் காசநோய்க்குப் போட்டிருக்கும் அறிகுறிகள்தானே இவை? மருந்து வேலை செய்யவில்லை, நோய் முற்றுகிறது என்றே முடிவு கட்டினேன். பதற்றத்துக்கும் இதே அறிகுறிகள் வரும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதைப் பார்த்து ரத்தம் என்று நடுங்கினேன். ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தைப் போட்டால் அப்படித்தான் நிறம் மாறும், அதனால் கெடுதல் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த ஒன்பது நாளும் காலையில் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எதிரில் டம்ளரில் தண்ணீர். கை வியர்த்து மாத்திரையின் சிவப்பு நிறம் கை ரேகைகளில் ஒட்டிக்கொள்ளும். விழுங்க வராது.

பத்தாவது நாள் சிகிச்சை மையத்தில், "இப்படி விட்டுவிட்டுப் போட்டால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் வந்துவிடும்" என்று கடிந்துகொண்டார்கள். அது உண்மைதான். ஆனால் ஏற்கெனவே பயந்துபோன ஆளிடம் அதை மட்டும் சொன்னால், அவர் அடுத்த முறை மையத்துக்கே வரமாட்டார். நானும் அப்படித்தான் நின்றுபோயிருப்பேன். அங்கிருந்த ஒரு செவிலியர் அக்கா மட்டும், "ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேட்டார். அழுதுவிட்டேன். அவர்தான் மருத்துவரிடம் கூட்டிப்போனார். சளியில் கிருமி இல்லை, கல்லீரல் பரிசோதனையும் சரி. மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்கள், மாத்திரையைத் திரும்பத் தொடர்ந்தேன்.

அந்த ஒரு கேள்வி யாருக்கோ தோன்றிக் கேட்டதாக இருக்கக் கூடாது, முறையாகவே கேட்கப்பட வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. மாதாமாதம் எடை பார்க்கிறார்கள். அதே நாளில், கடந்த இரண்டு வாரப் பதற்றத்தை அளக்கும் ஏழு கேள்விகள் கொண்ட ஜிஏடி-7 படிவத்தையும் நிரப்பச் சொல்லலாம். ஐந்து நிமிடம்கூட ஆகாது. மதிப்பெண் அதிகமாக வந்தால் யாரிடம் அனுப்புவது என்பதையும் முன்பே முடிவு செய்து வையுங்கள். இல்லாவிட்டால் அது இன்னொரு காகிதமாகப் போய்விடும்.

சிகிச்சை தொடங்கும் நாளில், எதற்குப் பயப்பட வேண்டாம், எதற்கு உடனே ஓடி வர வேண்டும் என்று பிரித்துச் சொல்லுங்கள். சிறுநீரின் நிறத்துக்குப் பயம் வேண்டாம். கண் மஞ்சளித்தாலோ பார்வை மங்கினாலோ அன்றே வர வேண்டும். பாதம் மரத்துப்போனாலும் சொல்ல வேண்டும், அதற்கு வைட்டமின் பி6 இருக்கிறது.

மனநல மருத்துவரும் காசநோய் மருத்துவரும் ஒரே சீட்டைப் பார்ப்பது மிகவும் அவசியம். ரிஃபாம்பிசின் பதற்றத்துக்கான சில மருந்துகளை உடலிலிருந்து வேகமாக வெளியேற்றி வலுவிழக்கச் செய்கிறது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குத் தரும் லினசோலிட், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளோடு சேர்ந்தால் ஆபத்து. அதே நோய்க்குத் தரும் சைக்ளோசெரின் என்ற மருந்தோ, தானே பதற்றத்தையும் மனச்சோர்வையும் கொண்டுவரக்கூடியது.

இன்னொன்று. மாத்திரையை விட்டவரைக் குற்றவாளிபோல் பதிவேட்டில் எழுதும் பழக்கம் போக வேண்டும். அப்படிக் குற்றம் சாட்டும் 'தவறியவர்' (டிஃபால்டர்) என்ற பழைய சொல்லை உலக சுகாதார நிறுவனமே 2013-இல் கைவிட்டு, 'தொடர்பு விட்டுப்போனவர்' என்ற பொருளில் மாற்றிக்கொண்டது. மையங்களின் பேச்சிலும் அது மாற வேண்டும்.

என் சிகிச்சை முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அடுத்த மாதம் எடை பார்க்கும் நாளிலிருந்தே இதைத் தொடங்க ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஏழு கேள்விகளையும் தமிழில் எழுதி இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம் தனித்தாளில்)